ஒன்பது மணிப் போணி

ராஜ்கோட், ஜூலை 8

மோட்டாபாய் கேயூருக்குத் தங்கை தர்மிஷ்டாவின் ஜெய் ஸ்ரீகிருஷ்ணா.

நானும் பாபுஜியும் நலம். அவருடைய முழங்கால் மட்டும் மழை வந்தால் வீட்டில் யாரோடும் பேசுவதில்லை. நீ நலமா? காட்கோபர் அறை இந்த வருஷமாவது ஒழுகாமல் இருக்கிறதா?

போனில் பேசலாமே என்று கேட்காதே. கடையில் எனக்கும் பாபுஜிக்கும் நடுவில் ஒரு கல்லாப்பெட்டிதான் இருக்கிறது. மறுமுனையில் நீ மூச்சு விட்டால்கூட அவருக்குக் கேட்கும். ஏழு வருஷமாக உன் பெயரை இந்தக் கடையில் யாரும் சத்தமாகச் சொன்னதில்லை. மின்னஞ்சலுக்குச் சத்தம் கிடையாது, அதனால் எழுதுகிறேன்.

குந்தாவாடி பஜாரில் சேவ் பிழியப் பித்தளை அச்சு கேட்டு வருகிறவர்கள் அருகிவிட்டார்கள். குடோனில் அச்சு கூரைவரை அடுக்கியிருக்கிறது. போன வாரம் பாபுஜி ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்: "இந்தத் தீபாவளிக்குச் சரக்கு நகரலைன்னா லாப பஞ்சமிக்கு நான் ஷட்டரைத் தூக்க மாட்டேன்." தீபாவளிக்குச் சாத்திய கடையை லாப பஞ்சமியன்று திறக்காவிட்டால் அப்புறம் அது கடை இல்லை, காலி இடம். மொபைல் உறை விற்கிற ஒருவன் இரண்டு தடவை வந்து கதவை அளந்து பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

அதனால் பாபுஜியிடம் மல்லுக்கட்டி ஆன்லைனில் கடை போட்டுவிட்டேன். முதலில், "முகம் தெரியாதவனுக்கு எப்படி விக்கிறது?" என்றார். "முகம் தெரிஞ்சவங்கதான் வாங்கலையே" என்றேன்.

இப்போது என் பாடு என்ன தெரியுமா? நான் ஒரு விலை வைத்தால் அம்பர் கிச்சன் என்று எவனோ ஒருவன் அடுத்த நிமிஷம் ஒரு ரூபாய் குறைத்து வைக்கிறான். நான் குறைத்தால் அவனும் குறைக்கிறான். மாவு பிசையும்போதும் ஒரு கை போனில். விலையைத் தானாக மாற்ற விதி எழுதி வைக்கலாம் என்கிறார்கள். நீ அங்கே அடுத்தவர்கள் கடைக்கெல்லாம் இதே வேலையைத்தானே செய்கிறாய்? சொந்தக் கடைக்கு ஒரு தடவை சொல்லிக்கொடு.

நேரத்துக்குச் சாப்பிடு. வெறும் வடாபாவில் வயிற்றை நிரப்பாதே.

தர்மி

* * *

மும்பை, ஜூலை 10

தர்மிக்கு ஆசியும் அன்பும்.

நான் நலம். வடாபாவைத் திட்டாதே, அதுதான் இந்த ஊரில் என் குலதெய்வம். பாபுஜியின் முழங்காலுக்கு நல்லெண்ணெய் சூடாக்கித் தடவு. நான் சொன்னதாகச் சொல்லாதே.

விதி எழுதுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நீ பக்கத்தில் இல்லாதபோது கடையில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு என்ன சொல்லிவிட்டுப் போவாயோ அதுதான். ஆனால் இந்த ஆள் சொன்னதை மட்டும் செய்வான், சொல்லாததை ஊகிக்க மாட்டான். ஆகவே எதை எழுதினாலும் முதலில் கீழ் எல்லையை எழுது. அதற்குக் கீழே என்ன ஆனாலும் விலை இறங்கக் கூடாது. அடக்கவிலை, கூரியர், அட்டைப்பெட்டி, ஆன்லைன் சந்தைக்காரன் கமிஷன், எல்லாம் கூட்டி மேலே கொஞ்சம் லாபம் வைத்தால் வருவதுதான் கீழ் எல்லை. அடுத்தது மேல் எல்லை. பேராசை பிடித்துப் பறக்காமல் இருக்க. இரண்டுக்கும் நடுவில், போட்டிக்காரனைவிட ஒரு ரூபாய் குறைவு. அவ்வளவுதான். கால் மணிக்கு ஒரு தடவை அதுவே பார்த்து மாற்றிக்கொள்ளும். நீ மாவைப் பிசை.

கீழ் எல்லை இல்லாமல் ஒரு விதியும் எழுதாதே. இதை மட்டும் கல்லாவுக்கு மேலே எழுதி ஒட்டு.

கடை திறக்காமல் போகாது. நீ பயப்படாதே. நான் பயப்படுகிறேன், ஒருவர் போதும்.

உன் அண்ணன்
கேயூர்

* * *

ராஜ்கோட், ஜூலை 29

மோட்டாபாய்க்கு ஜெய் ஸ்ரீகிருஷ்ணா. இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் உடம்பு எப்படி?

நீ சொன்ன எண்ணெய் வேலை செய்கிறது. உன் விதியும் வேலை செய்கிறது. அம்பர் கிச்சன் எவ்வளவு துள்ளினாலும் நம் விலை எல்லையோடு நின்றுவிடுகிறது. ஆனால் எனக்குத்தான் நிற்க முடியவில்லை. அது தானாக நடக்கிறது என்று தெரிந்தும் நூறு தடவை போனைப் பார்க்கிறேன்.

இனி சொல்லப்போவதைக் கோபப்படாமல் படி. பாபுஜி தினமும் கடையைத் திறந்ததும் கேட்பது ஒன்றுதான்: "மெஷின்ல போணி ஆச்சா?" ஆகவில்லை என்றால் டீகூடக் குடிப்பதில்லை. ஒருநாள் விதிகளையெல்லாம் படித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

"போணிக்கு எங்கே?" என்றார்.

"அதுக்குன்னு தனியா ஒண்ணும் இல்லை பாபுஜி."

"முதல்ல வர்றவளும் மத்தவங்களும் ஒண்ணா? எழுது. பஜார்ல எவன் என்ன விலை சொன்னாலும் அதுக்குக் கீழே பத்துல ஒரு பங்கு குறைச்சுக் கொடு."

"சரி. கீழ் எல்லை எவ்வளவு போடட்டும்?"

அவர் என்னைப் பார்த்த பார்வை உனக்குத் தெரியும். வஜீபென் வந்த அன்று உன்னைப் பார்த்த அதே பார்வை. விடிந்ததும் முதல் ஆளாக வந்து அடக்கவிலைக்கும் கீழே கேட்டாள் என்று நீ அவளைத் திருப்பி அனுப்பினாய். பாபுஜி அந்த அச்சைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே ஓடி, அவள் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தார். நீ "போணிக்கும் அடக்கம்னு ஒண்ணு உண்டு பாபுஜி" என்றாய். அவர் "போணியைத் திருப்பி அனுப்புறவனுக்கு இந்தக் கடையில வேலை இல்லை" என்றார். சாயங்கால ரயிலில் நீ போய்விட்டாய். ஒரு சேவ் அச்சுக்காக.

அதனால் நான் வாயை மூடிக்கொண்டு எழுதிவிட்டேன். காலை ஒன்பதிலிருந்து முதல் ஆர்டர் வரும்வரை போணி விதி. அதற்குக் கீழ் எல்லை கிடையாது. முதல் ஆர்டர் வந்ததும் உன் விதி.

எனக்கு ஒரு சந்தேகம். நேற்று முதல் ஆர்டர் வர மத்தியானம் ஆகிவிட்டது. அதுவரை நாம் பத்தில் ஒரு பங்கு குறைத்தோம், அம்பர் கிச்சன் அதற்கும் ஒரு ரூபாய் குறைத்தான், உடனே நம் விதி அவனுக்குக் கீழே இன்னும் பத்தில் ஒரு பங்கு குறைத்தது. படிக்கட்டில் உருண்ட செம்பு மாதிரி போய்க்கொண்டே இருந்தது. அவனும் எல்லை போடாதவன் போலிருக்கிறது. ஒரு அச்சோடு போயிற்று, பரவாயில்லை. ஆனால் இது சரியா? நீ பார்த்துச் சொல். நீ சொன்னால் பாபுஜியிடம் எப்படியாவது பேசிப் பார்க்கிறேன்.

ராக்கி உன் அலுவலக முகவரிக்கு வருகிறது. கட்டிக்கொள்.

தர்மி

* * *

மும்பை, ஆகஸ்ட் 20

தர்மிக்கு ஆசி. பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே. இங்கே மழை கொட்டித் தீர்க்கிறது. ரயில் நாலு நாள் ஓடவில்லை.

ராக்கி வந்து சேர்ந்தது. பக்கத்து மேஜைக்காரன் கட்டிவிட்டான். தங்கையின் கை இல்லை என்றாலும் முடிச்சு நன்றாகவே போட்டான். நீ வைத்த பேடாவில் பாதியைக் கூலியாக எடுத்துக்கொண்டான்.

ஜன்மாஷ்டமி வருகிறது. அதற்கு முந்தின சஷ்டியன்று எல்லார் வீட்டிலும் எண்ணெய்ச் சட்டி ஏறும், அச்சு கொஞ்சம் நகரும். மேல் எல்லையை அந்த வாரம் சற்று உயர்த்தி வை. படத்தில் அச்சோடு ஐந்து துளைத் தட்டும் தெரியும்படி வை. பெண்கள் தட்டை எண்ணித்தான் வாங்குவார்கள்.

சும்மா கேட்கிறேன், போணி விதி சரியாக ஒன்பதுக்குத் தொடங்குகிறதா, அல்லது பாபுஜி ஷட்டர் தூக்கும் நேரத்துக்கா?

உடம்பைப் பார்த்துக்கொள். பாபுஜி டீயை விடக் கூடாது.

கேயூர்

* * *

ராஜ்கோட், ஆகஸ்ட் 31

மோட்டாபாய்க்கு ஜெய் ஸ்ரீகிருஷ்ணா. நாங்கள் நலம். நீ நலமா என்று கேட்டால் நீ மழையைப் பற்றிச் சொல்கிறாய். மழை நலமாக இருப்பது தெரிகிறது. நீ?

சரியாக ஒன்பதுக்குத்தான் தொடங்குகிறது. நான் கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை. போகட்டும், இனி பதில் தேவையும் இல்லை, ஏனென்றால் சங்கதி தானாகச் சரியாகிவிட்டது. பத்து நாளாக ஒன்பது அடித்ததும் ஆர்டர் வந்துவிடுகிறது! விலை உருளுவதற்கு நேரமே இல்லை. பாபுஜி ஒன்பதேகாலுக்கு டீயைக் குடித்துவிட்டு மீசையைத் துடைக்கிறார். ஜன்மாஷ்டமி மேளாவுக்குக்கூடப் போய் வந்தார், முழங்காலோடு.

வேடிக்கை என்னவென்றால் காலை ஆர்டர் எல்லாம் மும்பைப் பக்கம் பாயந்தரிலிருந்து வருகிறது. ஒருநாள் பிரதீப், ஒருநாள் சுரேகா, ஒருநாள் ஏதோ டிசோசா. பாபுஜி சொல்கிறார்: "அந்த ஊர்ல லட்சுமி குடியிருக்கா. பேர் டிசோசாவா இருந்தா என்ன? சேவ் பிழியத் தெரிஞ்சா போதும்." வார்ப்புக்காரரிடம் இன்னும் நூறு அச்சு சொல்லிவிட்டார். நான் வேண்டாம் என்றேன். "போணி நல்லா இருக்கிற கடைக்குச் சரக்கு பத்தாமப் போகக் கூடாது" என்கிறார்.

ஏழு வருஷத்தில் நான் அவரை இப்படிப் பார்த்ததில்லை. சொல்லத்தான் ஆசை: இந்த விதியெல்லாம் உங்கள் மகன் கற்றுக்கொடுத்தது. நாக்குவரை வந்து திரும்பிவிடுகிறது.

பாயந்தர் உனக்குத் தூரமா?

தர்மி

* * *

மும்பை, செப்டம்பர் 22

தர்மிக்கு அன்பு. நான் நலமே.

பாயந்தர் ரொம்பத் தூரம். அந்தப் பக்கம் நம் ஜனம் நிறைய. குஜராத்திகள் இருக்கும் இடத்தில் சேவ் அச்சு விற்பதில் அதிசயம் என்ன இருக்கிறது?

நூறு அச்சு அதிகம்தான். ஆனால் சொல்லியாகிவிட்டது, விடு. தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரமும் மேல் எல்லையைத் தூக்கிவிடு. அதில்தான் இந்த வருஷத்து லாபம் இருக்கிறது.

நவராத்திரிக்கு ஏதாவது அனுப்பலாம் என்று இருந்தேன். இந்த மாதம் கை கொஞ்சம் இறுக்கம். அறையிலும் இடநெருக்கடி, கால் நீட்ட முடியவில்லை. பெரிதாக ஒன்றுமில்லை, சாமான் சேர்ந்துவிட்டது.

பாபுஜி நிஜமாகவே மீசையைத் துடைக்கிறாரா? அதை இன்னொரு தடவை விவரமாக எழுது.

கேயூர்

* * *

ராஜ்கோட், அக்டோபர் 14

மோட்டாபாய்க்கு ஜெய் ஸ்ரீகிருஷ்ணா. நாங்கள் நலம். நவராத்திரி முடிந்தது. நான் கர்பா ஆடவில்லை. நின்று பார்த்தேன், அங்கேயும் போனை.

துடைக்கிறார். டீயின் கடைசி மடக்கைக் குடித்துவிட்டு, துண்டின் நுனியால், இடது பக்கம் முதலில். போதுமா?

நேற்று ஒரு போன் வந்தது. பாயந்தர் கூரியர்க்காரர். மராத்தியும் இந்தியும் கலந்து கத்தினார்.

"பென், உங்க கம்பெனி பெட்டியை இனிமே நான் அந்த பில்டிங்குக்குக் கொண்டுபோக மாட்டேன்."

"ஏன் பாய், என்ன ஆச்சு?"

"வாட்ச்மேன் என்னை அடிக்க வர்றான். தினம் ஒரு பெட்டி, தினம் ஒரு பேரு, ஒரே ரூம். நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அந்த ரூம்ல என்ன, சேவ் ஃபாக்டரியா வச்சிருக்காங்க?"

ஒரே கட்டடம், ஒரே அறை. நான் பழைய ஆர்டர்களை எடுத்துப் பார்த்தேன். பெயரை மட்டுமே பார்த்திருக்கிறேன், முகவரியைக் கடைசிவரை படித்ததே இல்லை. என் புத்தியை என்ன சொல்ல?

நீ இப்போதும் காட்கோபரில்தான் இருக்கிறாயா, மோட்டாபாய்? வேறு ஒன்றும் கேட்கவில்லை. இதற்கு மட்டும் எழுது.

குடோனில் இப்போது பழைய சரக்கும் புதிய நூறும் இருக்கிறது. ஊரே பாத்திரம் வாங்கும் தன்தேரஸுக்கு முந்தின வாரம் எல்லாம் நகரும் என்று இருவரும் உட்கார்ந்திருக்கிறோம்.

பதில் போடு.

தர்மி

* * *

ராஜ்கோட், அக்டோபர் 26

மோட்டாபாய்,

ஜெய் ஸ்ரீகிருஷ்ணா. பன்னிரண்டு நாளாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் அணைந்தே கிடக்கிறது. உடம்பு நன்றாக இருக்கிறதா என்று வழக்கத்துக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

நேற்று பாயந்தர் ஆர்டர் வரவில்லை. ஒன்பதுக்கும் இல்லை, பத்துக்கும் இல்லை. நான் தட்டுகள் வாங்கிவர வார்ப்புக்காரர் பட்டறைக்குப் போயிருந்தேன். அங்கே உலைச் சத்தத்தில் போனைப் பையில் போட்டுவிட்டேன். பாபுஜி கடையில் டீயை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். மத்தியானம் திரும்பி வருகிறேன், வாசலிலேயே எழுந்து நின்று சிரிக்கிறார். "போணி ஆயிடுச்சு! எத்தனை பெரிய போணி தெரியுமா!"

போனை எடுத்துப் பார்த்தேன். நாமும் அம்பர் கிச்சனும் மூன்றரை மணி நேரமாக ஒருவரை ஒருவர் கீழே தள்ளிக்கொண்டு போயிருக்கிறோம். ஒரு அச்சு தொண்ணூற்றொரு ரூபாய். இந்தூரில் ஒரு பாத்திர வியாபாரி, குடோனில் இருந்த அத்தனையையும் வாங்கிவிட்டான். அத்தனையையும். தொண்ணூற்றொரு ரூபாய்க்குப் பித்தளைத் தூள்கூட வராது.

ரத்து செய்ய ஒரு பொத்தான் இருக்கிறது. விரலை வைத்தேன். பாபுஜி கையைப் பிடித்துவிட்டார்.

"என்ன பண்றே?"

"தப்பு விலை பாபுஜி. ரத்து பண்ணலாம். எல்லாரும் பண்றதுதான். கொஞ்சம் அபராதம் போடுவாங்க, அவ்வளவுதான்."

"வாங்கினவன் யாரு?"

"யாரோ இந்தூர்க்காரன்."

"இன்னிக்கு முதல்ல வந்தவனா?"

நான் பொத்தானையே பார்த்தேன்.

"கேக்கிறேன்ல? முதல்ல வந்தவனா?"

"ஆமா."

"அப்ப பெட்டி கட்டு."

"குடோனே காலியாயிடும் பாபுஜி!"

"காலி பண்ணத்தானே மெஷின்ல போட்டே?"

நான் கத்தினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் முகத்துக்கு நேரே கத்தினேன். "இதைத்தான் அண்ணன் அன்னிக்குச் சொன்னான்! போணிக்கும் அடக்கம் உண்டுன்னு சொன்னான்! சொன்னவனைத் துரத்திட்டீங்க!" என்றேன். உன்னை அண்ணன் என்று சொன்ன சத்தம் கடை முழுக்க நின்றது. பக்கத்துக் கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார். பாபுஜி அட்டைப்பெட்டியை விரித்து உட்கார்ந்தார். முழங்காலை மடக்க முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒவ்வொரு அச்சையும் துடைத்துத்தான் வைத்தார். இன்றைக்கு லாரி வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று.

சாயங்காலம் காலி அலமாரியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "லாப பஞ்சமிக்கு வைக்க ஒரு அச்சுகூட இல்லை, பாத்தியா." வந்த பணத்தில் வார்ப்புக்காரருக்குப் பாதிகூடக் கொடுக்க முடியாது. அவர் இனிக் கடனுக்குச் சரக்குத் தரமாட்டார்.

எனக்கு உன்மேல் இருக்கும் கோபத்தை எழுத இடம் போதாது. ஆனால் முதலில் உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு வரி எழுது.

தர்மி

* * *

மும்பை, பாயந்தர், அக்டோபர் 28

தர்மி,

உயிரோடு இருக்கிறேன். டெங்கு. ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டார்கள். முதல் வாரம் சலைன் ஏறும் கையிலேயே போனைப் பிடித்து ஒன்பதுக்கு ஆர்டர் போட்டுவிட்டேன். வேறு எதற்கும் தெம்பில்லை, உன் கடிதத்தைப் படித்துவிட்டு அப்படியே வைத்துவிட்டேன். அப்புறம் போன் உடைந்தது. இருபத்தைந்தாம் தேதி காலையில் எனக்கு நினைவே தெளிவாக இல்லை. நர்ஸிடம் "மணி ஒன்பதாச்சா, ஒன்பதாச்சா" என்று கேட்டுக்கொண்டே இருந்தேனாம். அவள் மாத்திரை வேளை என்று நினைத்தாளாம்.

ஆமாம், நான்தான். காட்கோபரை விட்டு வந்து ஒரு வருஷம் ஆகிறது. பிரதீப் என் அறைத்தோழன், சுரேகா அவன் அக்கா, டிசோசா மாடிக்காரர். யாருக்கும் சேவ் பிழியத் தெரியாது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். உன் ஜூலைக் கடைசிக் கடிதத்தைப் படித்த அன்றே தெரிந்துவிட்டது, இது ஒருநாள் அடிவரை உருளும் என்று. அதற்கு மருந்து ஒரே வரிதான்: போணிக்கும் கீழ் எல்லை போடு. அதை மூன்று தடவை எழுதி அழித்தேன். அந்த வரியைச் சொல்லித்தான் நான் வீட்டை விட்டுப் போனேன். மறுபடி நான் சொல்லி, நீ போய் அவரிடம் சொல்லி, அந்த வீட்டில் உனக்கும் இடமில்லாமல் போனால்? அதைவிட, ஒன்பது அடித்ததும் ஒரு அச்சை வாங்கிவிட்டால் விலை உருளாது, பாபுஜி டீ குடிப்பார். தீபாவளிவரைதானே என்று கணக்குப் போட்டேன்.

இன்னொன்றும் உண்டு. உன்னிடம் ஏன் மறைக்க வேண்டும்? தினமும் காலையில் நம் கடைக்கு முதல் ஆளாகப் போய் நிற்பது எனக்குப் பிடித்திருந்தது. படியேற முடியாத கடைக்கு வேறு எப்படிப் போவேன்?

கட்டிலுக்கு அடியிலும் மேலேயும் சமையல் மேடையிலும் அச்சு. என்ன செய்வதென்று தெரியவில்லை. பாபுஜியிடம் எதையும் சொல்லாதே.

கேயூர்

* * *

ராஜ்கோட், அக்டோபர் 30

ஸ்ரீ கணேசன் துணை. ராஜ்கோட்டிலிருந்து ஹரகோவிந்த் எழுதுவது. மும்பையில் இருக்கும் கேயூருக்கு ஆசிகள். ("சிரஞ்சீவி" என்று சேர்க்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அப்புறம், போட்டுத் தொலை என்றார். சிரஞ்சீவி கேயூருக்கு. — தர்மி, தட்டச்சு)

இங்கே யாவரும் நலம். உன் காய்ச்சல் இறங்கிவிட்டதா? பப்பாளி இலைச் சாறு கசக்கும். கசந்தாலும் குடி.

தர்மிஷ்டா உன் கடிதத்தைப் படித்துக் காட்டினாள். (சொல்லாதே என்று எழுதியிருந்தாய். என்னால் முடியவில்லை.) வியாபார விஷயமாகச் சிலது சொல்ல வேண்டியிருக்கிறது.

வீட்டுப் பிள்ளை காசு கொடுத்து வாங்கினால் அது போணி ஆகாது. வலது பையிலிருந்து இடது பைக்குப் போன பணம் அது. ஆகவே ஆகஸ்ட் மாதத்திலிருந்து என் கடையில் போணியே ஆகவில்லை. நான் குடித்த டீ அத்தனையும் ஏமாற்று டீ. இந்தூர்க்காரன்தான் இத்தனை நாளில் முதல் போணி. அவனைத் திருப்பி அனுப்பாமல் இருந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று இப்போது உனக்கே புரியும். (நான் சிரித்துவிட்டேன். முறைக்கிறார்.)

போணி ஆகவில்லை என்றால் விற்கவும் இல்லை. உன் அறையில் இருக்கும் அச்சுகள் கடைச் சரக்கு. இடம் மாறி இருக்கின்றன. அவற்றை லாப பஞ்சமி காலை ஒன்பதுக்கு முன்னால் கடையில் சேர்க்கவும். கூரியரில் அனுப்பாதே. கூரியர்க்காரன் மாடியேற மாட்டேன் என்கிறானாம், இறங்கவும் மாட்டான். நீயே கொண்டு வா.

நீ கொடுத்த பணம் திரும்பக் கிடைக்காது. ஏழு வருஷம் வராததற்கு அது அபராதம்.

போணிக்கு எல்லை வேண்டும் என்று நீ இன்னும் நினைப்பதாகத் தெரிகிறது. அது தப்பு. எழுத்தில் சண்டை போட எனக்கு வராது. நேரில் வந்து போடு.

(இங்கே நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். "வேற என்ன எழுதணும் பாபுஜி?" என்றேன். "தூக்க முடியாம தூக்கி வரப்போறான், காய்ச்சல் உடம்பு. சரக்கு லாரியில போட்டுட்டு அவனை பஸ்ல வரச் சொல்லு" என்றார். அதை எழுதட்டுமா என்றதற்கு, "நீயா எழுதுற மாதிரி எழுது" என்கிறார்.)

இப்படிக்கு
ஹரகோவிந்த்

* * *

பாயந்தர், நவம்பர் 4

பாபுஜிக்குக் கேயூரின் நமஸ்காரம். தர்மிக்கு ஆசி. இருவருக்கும் தீபாவளிப் புது வருஷ வாழ்த்து.

உடம்பு தேறிவிட்டது. சாறு குடித்தேன். கசந்தது.

சரக்கு இன்று லாரியில் ஏறிவிட்டது. வாட்ச்மேன் சந்தோஷத்தில் தானே பாதிப் பெட்டிகளை இறக்கிக் கொடுத்தார். நான் நாளை பஸ்ஸில் கிளம்பி லாப பஞ்சமியன்று விடியும்போது குந்தாவாடியில் இருப்பேன். ஷட்டரை நான் வந்த பிறகு தூக்குங்கள். முழங்காலோடு குனிய வேண்டாம்.

ஒரு விஷயம். காலையில் முதல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது இரண்டாம் மாடி மாலுபென் வழியை மறித்தாள். திறந்து காட்டச் சொன்னாள். அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், தட்டுகளை எண்ணினாள். "எவ்வளவு?" என்றாள். சொன்னேன். "நூறு ரூபாய்க்குத் தர்றியா?" என்றாள்.

அடக்கவிலை என்ற வார்த்தை என் வாய்க்குள் வந்துவிட்டது, பாபுஜி. பெட்டி கனத்தது, கீழே லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். ஆனால் இன்றைக்கு முதலில் கேட்டவள் அவள்தான். எனக்கு அவளைத் திருப்பி அனுப்ப வரவில்லை. கொடுத்துவிட்டேன். நூறு ரூபாயைக் கண்ணில் ஒற்றித் தனியாக மடித்து வைத்திருக்கிறேன்.

சரக்கில் ஒரு அச்சு குறையும். நீங்கள் சண்டையை அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

கேயூர்